பாறைக் கெளுத்திக்குக் கொடுத்த ஓய்வு

நடந்தவை, வரிசைப்படி:

1. ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, என் அறைத்தோழி மலையிலிருந்து ஐந்து மீன்களோடு வந்து சேர்ந்தாள். ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நீளம். பஸ்ஸிலேயே ஒன்று இறந்திருந்தது.

2. மீதி நான்கையும் கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் குடியிருந்த மாடி போர்ஷனில், கண்ணாடித் தொட்டியில் விட்டோம்.

3. அவற்றுக்கு ஓடுகிற தண்ணீர் வேண்டும் என்பதால் நான் ஒரு மோட்டார், ஒரு குழாய், ஒரு வால்வு பொருத்தினேன்.

4. ஒன்பதாம் நாள் ஒரு மீன் இறந்தது.

5. பன்னிரண்டாம் நாள் இன்னொன்று.

6. வீட்டுக்கார ஆன்ட்டி சந்தோஷப்பட்டார்.

7. பதின்மூன்றாம் நாள் நான் என் நோட்டை எடுத்துப் படித்தேன்.

இதைச் சொன்னால் எல்லோரும் ஆறாவதைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆன்ட்டி கீழே இருந்தார். சுத்த சைவம். வீட்டுக்குள் முட்டை வரக்கூடாது, மீன் வரக்கூடாது என்று முதல் நாளே சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். என் தோழியோ கடற்கரைக் குப்பத்துப் பெண். அவள் அம்மா மீன் விற்பவர். வாரக் கடைசியில் ஊருக்குப் போய்க் குழம்பு சாப்பிட்டுவிட்டு, ஞாயிறு சாயங்காலம் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு மாடி ஏறுவாள். அப்படிப்பட்டவள் உயிரோடு மீன் கொண்டுவரப் போகிறேன் என்று சொன்னதும், வேறு வீடு பார்க்க வேண்டியதுதான் என்று நான் நினைத்தேன்.

ஆன்ட்டி கேட்டது ஒரே ஒரு கேள்வி. "என்ன கலரும்மா?"

"கறுப்பு கலந்த பழுப்பு, ஆன்ட்டி."

"கறுப்புன்னே வெச்சுக்கோ. மேல வடகிழக்கு மூலையில வை."

அந்த வருடங்களில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் வாஸ்து மீன் தொட்டி இருந்தது. எட்டு தங்க மீன், ஒரு கறுப்பு மீன். வீட்டுக்கு வரும் கெடுதலைக் கறுப்பு மீன் தன் மேல் வாங்கிக்கொண்டு செத்துப்போகும் என்பது கணக்கு. ஆன்ட்டியும் வைத்திருந்தார். ஒரே மாதத்தில் தங்கம் எட்டும் செத்து, கறுப்பு மட்டும் கடைசிவரை இருந்ததாம். "முதல்ல போக வேண்டியது கடைசில போச்சு. அதுலதான் எல்லாம் தப்பாயிடுச்சு" என்பார். காலியான தொட்டியில் பிளாஸ்டிக் பூ போட்டு வைத்திருந்தார். பூவை எடுத்துவிட்டு அந்தத் தொட்டியைத்தான் எங்களுக்குக் கொடுத்தார். ஆகவே எங்கள் மீன் ஒவ்வொன்று இறந்தபோதும், இந்த வீட்டுக்கு வந்த ஏதோ ஒன்று விலகியது என்று அவருக்கு நிம்மதி. இரண்டாவது இறந்த அன்று தொட்டியின் மூலையில் மஞ்சள் குங்குமம் வைத்தார். என் தோழி உள்ளே போய்விட்டாள்.

அவளுக்கு அந்த மீன்கள் ஒரு வருடப் படிப்பு. விலங்கியலில் எம்.ஃபில். செய்துகொண்டிருந்தாள். மலை ஓடையில் தண்ணீர் வேகமாக இறங்கும் இடத்தில், வழுக்கும் பாறையில் ஒட்டிக்கொண்டு வாழும் கெளுத்தி இது. பிடித்துக் கொடுத்தவர்கள் பாறைக் கெளுத்தி என்றார்களாம்; நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். தலை தட்டை. வாயைச் சுற்றி மீசை. அடிப்பக்கம் திருப்பினால் நெஞ்சில் புடவைக் கொசுவம் போல வரிவரியாகத் தோல் மடிப்பு. அந்த மடிப்பை வைத்துத்தான் கல்லைப் பிடித்துக்கொள்கிறது. செத்த மீனில் மடிப்பைப் பார்க்கலாம், பிடிப்பைப் பார்க்க முடியாது. ஓடும் தண்ணீரில், கண்ணாடிக்கு வெளியே இருந்து, மடிப்பு எப்படி விரிகிறது எப்படி இறுகுகிறது என்று படம் எடுக்க வேண்டும். அதுதான் அவளுடைய ஆய்வு.

துறையில் ஒரே ஒரு வீடியோ கேமரா. மாணவர்கள் முறை வைத்து எடுத்துப் போவார்கள். அவளுடைய முறை பதினேழாம் நாள், ஒரு சனிக்கிழமை. அதுவரை குறைந்தது இரண்டு மீனாவது உயிரோடு இருக்க வேண்டும். ஒற்றை மீனை வைத்து எழுதினால் ஏற்க மாட்டேன் என்று அவளுடைய வழிகாட்டி சொல்லியிருந்தார். மறுபடி போய்ப் பிடிக்கவும் வழியில்லை. மழை தொடங்கிவிட்டது, ஓடையில் இறங்க முடியாது, வனத்துறை கொடுத்த அனுமதியும் அந்த மாதத்தோடு முடிந்தது. ஏற்கெனவே ஒரு முறை கால நீட்டிப்பு வாங்கிவிட்டாள். இன்னொன்று கிடையாது.

அவள் அம்மாவிடம் ஃபோனில் இதையெல்லாம் விளக்கியதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். ஸ்பீக்கர் இல்லாமலே அந்த அம்மாவின் குரல் அறை முழுக்கக் கேட்கும்.

"இன்னா சைசு?"

"விரல் அளவும்மா."

"கொழம்புக்கு ஆவுமா?"

"ஆகாது."

"கருவாடு?"

"அம்மா."

"ரெண்டுக்கும் ஆவாதத பஸ்ல சீட்டு புட்சி இட்டுகினு வந்துகீறியே, ஒன்ன பெத்தவ நான் இன்னான்னு சொல்லிக்குவேன் மார்க்கெட்ல?"

சிரித்தாள். அந்தப் பதினேழு நாட்களில் அவள் நன்றாகச் சிரித்தது அப்போதுதான்.

என் வேலையைச் சொல்லவில்லை. கருவியியலில் டிப்ளமோ முடித்துவிட்டு மறைமலை நகரில் கார் இன்ஜினுக்குத் தண்ணீர் பம்ப் செய்யும் ஒரு கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருந்தேன். பம்பை பெஞ்சில் மாட்டி ஓட்டுவது, எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது என்று பார்ப்பது, பதிவேட்டில் எழுதுவது. அதனால் தொட்டிக்கு ஓட்டம் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஏர்கூலருக்குப் போடும் சின்ன மோட்டார் ஒன்றைத் தொட்டிக்குள் வைத்து, குழாயை மேலே ஏற்றி, சரிவாக வைத்த ஒரு கடப்பா கல்லின் மேல் தண்ணீர் இறங்கும்படி செய்தேன். குழாயில் ஒரு கேட் வால்வு. திருகினால் கூடும், குறையும். போர் தண்ணீர் உப்பு என்பதால் மொட்டை மாடியிலிருந்து இறங்கும் மழைநீர் சேகரிப்புக் குழாயின் கீழே நீல டிரம் வைத்து மழைத் தண்ணீர் பிடித்தோம். நான்கு மீனும் அன்றே கல்லில் ஏறி, தண்ணீர் விழும் இடத்துக்கு நேர் கீழே வரிசையாக ஒட்டிக்கொண்டன.

எனக்கு முதல் ஷிஃப்ட். காலை ஆறுக்குத் தொடங்கி இரண்டுக்கு முடியும். மூன்றரைக்கு வீட்டில் இருப்பேன். தோழி, காலைப் பத்திலிருந்து பன்னிரண்டு வரை எங்கள் பகுதிக்கு இருந்த மின்வெட்டு முடியும்வரை தொட்டியருகில் உட்கார்ந்து மக்கில் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிவிட்டு, அதன் பிறகு துறைக்குப் போவாள். வர ஏழு மணி ஆகும். ஆக, மூன்றரையிலிருந்து ஏழு வரை மீன்கள் என் வசம்.

வந்ததும் ஷூவைக் கழற்றிவிட்டுத் தொட்டிக்கு எதிரில் தரையில் உட்காருவேன். எட்டு மணி நேரம் நின்ற கால் அப்போதுதான் தனக்கு விரல்கள் இருப்பதை நினைத்துக்கொள்ளும். எதிரில் நான்கு மீன்கள். தண்ணீர் தலையில் அடிக்கிறது. வால் நடுங்குகிறது. காலையில் நான் போகும்போது எங்கே ஒட்டிக்கொண்டிருந்தனவோ அங்கேயேதான் இருக்கின்றன. இவற்றுக்கு ஷிஃப்ட் எப்போது முடியும் என்று தோன்றியது.

முதல் ஞாயிறு ஒன்று நடந்தது. காலை மின்வெட்டு. தோழி டிரம்மிலிருந்து தண்ணீர் எடுக்கக் கீழே போயிருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான்கும் கல்லை விட்டன. ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்தன, தொட்டியைச் சுற்றின, வாயைத் திறந்து திறந்து மூடின. அவற்றை நீந்திப் பார்த்தது அதுதான் முதல் முறை. இடைவேளை மணி அடித்ததும் எங்கள் லைனில் பெண்கள் கேன்டீனுக்குப் போகும் வேகம் அது. தோழி வந்து மக்கில் ஊற்றத் தொடங்கியதும் நான்கும் கல்லுக்குத் திரும்பின. மறுபடி வேலை ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு வரியில் சொல்லியிருப்பாள்.

ஏழாம் நாள், புதன்கிழமை, வால்வைக் குறைத்தேன்.

எங்கள் பெஞ்சில் ஒரு வழக்கம் உண்டு. தொடர்ந்து ஓட்டிய பம்பை அப்படியே அடுத்த சோதனைக்கு விட மாட்டோம். வால்வைக் குறைத்து, மெல்ல ஓடவிட்டு, சூடு தணிய வைப்போம். 'ரெஸ்ட் கொடுத்தாச்சா?' என்று சூப்பர்வைசர் சார் கேட்பார். கொடுத்திருந்தால் பதிவேட்டில் நேரத்தோடு எழுத வேண்டும். அதையே செய்தேன். மூன்றே முக்காலுக்கு இரண்டரைச் சுற்று மூடினேன். கல்லின் மேல் தண்ணீர் அடிப்பது நின்று, வழிவது மட்டும் இருந்தது. சற்று நேரத்தில் மீன்கள் கல்லை விட்டு இறங்கின. ஆறே காலுக்கு மறுபடி முழுக்கத் திறந்தேன். நோட்டில் எழுதினேன்.

வியாழனும் அப்படியே. வெள்ளியும் அப்படியே. வெள்ளி சாயங்காலம் நான் வால்வைத் திறந்தபோது மூன்றுதான் கல்லில் ஏறின. நான்காவது கூழாங்கல் இடுக்கில் வெளிறிப்போய்க் கிடந்தது.

தோழி வந்து அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "பயணம் ஒத்துக்கல போல. முதல் நாள்லயே கொஞ்சம் டல்லா இருந்துச்சு இது."

நான் வேறு மாதிரி நினைத்தேன். ஓய்வு போதவில்லை. சனிக்கிழமை அரை மணி நேரம் கூட்டினேன். ஞாயிறு அவள் வீட்டில் இருந்தாள், வால்வைத் தொடவில்லை. திங்கள்கிழமை மறுபடி, இன்னும் அரைச் சுற்று இறுக்கமாக மூடினேன். அன்று சாயங்காலம் இரண்டாவது மீன்.

செவ்வாய்க்கிழமை வேலையில் ஒரு பம்ப் பழுதாகித் திரும்பி வந்திருந்தது. அப்படி வந்தால் அது ஓடிய நேரம், நின்ற நேரம் எல்லாவற்றையும் ஒரே தாளில் வரிசையாக எழுதிப் பார்ப்போம். எழுதும்போதே எனக்கு வீட்டு நோட்டு ஞாபகம் வந்தது. மூன்றரைக்கு வந்ததும் வால்வைத் தொடாமல் நோட்டை எடுத்தேன். புதன், வியாழன், வெள்ளி குறைத்திருக்கிறேன், வெள்ளி ஒன்று. சனி குறைத்திருக்கிறேன். ஞாயிறு முழு ஓட்டம். மூன்றும் கல்லிலேயே இருந்தன என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. திங்கள் இன்னும் குறைத்திருக்கிறேன், இன்னொன்று. இதைப் படிக்க எனக்கு விலங்கியல் வேண்டியிருக்கவில்லை. அடித்து விழும் தண்ணீரில்தான் அவற்றுக்கு மூச்சு இருந்திருக்கிறது. நான் வேலை என்று நினைத்தது அவற்றின் இருப்பு. நான் இடைவேளை என்று நினைத்தது மூச்சுத் திணறல்.

ஏழு மணிக்கு அவள் வந்தாள். பையை இறக்கும் முன்பே சொல்லிவிட்டேன்.

கட்டிலில் உட்கார்ந்து நோட்டை வாங்கிப் படித்தாள். மெதுவாக, விரல் வைத்து.

"மூணே முக்கால், ரெண்டரைச் சுத்து. ஆறே கால், ஃபுல் ஓப்பன்." அடுத்த பக்கம் திருப்பினாள். "தேதி போட்டிருக்க, டைம் போட்டிருக்க. எல்லாம் இருக்கு. என்கிட்ட சொன்னது மட்டும் இல்ல."

"தப்புன்னு தெரியலடி. பாவம்னுதான்..."

"தப்புன்னு தெரியலைன்னா, நான் வர்றதுக்கு முன்னாடி ஏன் தினமும் திறந்து வெச்சே?"

அவளுடைய வேலையில் கை வைக்கிறேன் என்று எனக்குள் ஏதோ ஒன்றுக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் இப்போதும் நான் சொல்லக்கூடியது.

அவள் அழவில்லை, கத்தவில்லை. "இந்த நோட்டு என்கிட்ட இருக்கட்டும்" என்றாள். அதன் பிறகு சனிக்கிழமை வரை எங்களுக்குள் நடந்த பேச்சு இவ்வளவுதான்: தண்ணி மாத்தியாச்சு. புழு போட்டாச்சு. கரண்ட் போச்சு. கரண்ட் வந்துடுச்சு.

சனிக்கிழமை நான் லீவு போட்டேன். அவள் ஒரு மணிக்குக் கேமராவோடு வந்தாள். ஐந்து மணிக்குத் துறையில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். மின்வெட்டு காலையிலேயே முடிந்துவிட்டது என்று நம்பிக்கொண்டு, தொட்டியின் கண்ணாடியைத் துடைத்து, கல்லை எடுத்துவிட்டு, மீன்கள் முன்பக்கக் கண்ணாடியிலேயே ஒட்டும்படி குழாயைத் திருப்பி வைத்தோம். ஒரு மீன் வந்து ஒட்டியது. அவள் கேமராவைப் பிடித்துக் குனிந்தபோது மோட்டார் நின்றது.

இரண்டு மணி. எப்போது வரும் என்று கேட்க ஆன்ட்டி மின்வாரிய அலுவலகத்துக்கு ஃபோன் செய்தார். எடுக்கவில்லை. தோழி மக்கைக் கையில் எடுத்தாள். மக்கில் ஊற்றினால் மீன் பிழைக்கும், ஆனால் அது ஓட்டம் இல்லை, விட்டுவிட்டு விழும். படம் எடுக்கும் அளவுக்குக் கண்ணாடியில் நிற்காது.

"மொட்டை மாடியிலேர்ந்து விடலாம்" என்றேன். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவளிடம் நான் பேசிய முதல் முழு வாக்கியம். "தொட்டியை வெளிய மாடிப்படி திருப்பத்துல வெப்போம். டிரம்மை மேல ஏத்தி ஹோஸ் போட்டா, உயரத்துலேர்ந்து தானா இறங்கும். கம்பெனில தண்ணி அளக்கற மீட்டரை அப்படித்தான் செக் பண்ணுவோம். ஆனா டிரம்ல மட்டம் இறங்கக் கூடாது. மட்டம் இறங்கினா வேகமும் இறங்கும்."

"இருக்கறதே ஒரு டிரம் தண்ணி. கீழ விழுந்தா?"

"டப்புல பிடிச்சு நான் மேல தூக்கறேன்."

என்னைப் பார்த்தாள். "எவ்ளோ நேரம்?"

"நீ போதும்னு சொல்ற வரைக்கும்."

அப்படித்தான் செய்தோம். தொட்டி படித் திருப்பத்தில், ஹோஸின் நுனியில் அந்த வால்வு, வழிந்து விழும் தண்ணீருக்குக் கீழே துணி துவைக்கும் டப். அவள் கேமராவோடு தரையில் படுத்துக்கொண்டாள். நான் இரண்டு வாளியோடு டப்புக்கும் மொட்டை மாடிக்கும் நடுவில். வால்வைப் பிடிக்க ஆள் இல்லை. ஆன்ட்டி முட்டிவலியோடு மேலே வந்து, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"எத்தனை சுத்துன்னு சொல்லு. நான் பார்த்துக்கறேன்."

"ஃபுல்லா திறந்துடுங்க ஆன்ட்டி" என்றாள் தோழி.

தண்ணீர் மோட்டாரில் வந்ததைவிட வேகமாக விழுந்தது. இரண்டு மீன்களும் ஒரு முறை புரண்டன. ஆன்ட்டி குனிந்து பார்த்தார். "ஐயோ, அடிச்சுட்டுப் போகுதே. பாவம், கொஞ்சம் கம்மி பண்ணட்டுமா?"

தோழி கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதை இவகிட்ட கேளுங்க, ஆன்ட்டி."

நான் நிறைந்த வாளிகளோடு எட்டாவது படியில் நின்றேன். "குறைக்காதீங்க ஆன்ட்டி. அதுக்கு அதுதான் வசதி."

"என்ன வசதியோ. நம்ம வீட்டுக் கறுப்பு இவ்வளவு கஷ்டப்பட்டா போதும், ஏழு தலைமுறைக்குத் திருஷ்டி வராது."

அடுத்த முறை நான் இறங்கும்போது ஒன்று கண்ணாடியில் ஒட்டியிருந்தது. அதற்கும் அடுத்த முறை இரண்டும். வாளியை வைத்துவிட்டு ஒரே ஒரு நிமிடம் குனிந்து பார்த்தேன். அந்த மடிப்புகள் கண்ணாடியில் அழுந்தி வெளுத்திருந்தன. தண்ணீர் வேகம் கூடும்போது ஒவ்வொரு வரியும் தனித்தனியாக இறுகியது, தளர்ந்தது, நகர்ந்து மறுபடி இறுகியது. செவுள்கள் நிதானமாகத் திறந்து மூடின. அதில் சிரமம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

"மட்டம்" என்றாள் தோழி. நான் வாளியைத் தூக்கினேன்.

எத்தனை முறை ஏறினேன் என்று எண்ணவில்லை. எண்ணாமல் செய்த வேலை என் நினைவில் அது ஒன்றுதான். நான்கே காலுக்கு அவள் எழுந்து உட்கார்ந்தாள். கன்னத்தில் தரையின் ஈரமும் மணலும். "ரெண்டும் வந்துடுச்சு. தெளிவா வந்துடுச்சு." கேமராவைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடிக்க ஓடினாள். படியில் பாதி இறங்கியவள் திரும்பினாள். "கரண்ட் வர்ற வரைக்கும் ஊத்து." பிறகு, "கை சிவந்திருக்கு பார். எண்ணெய் தடவு."

மின்சாரம் ஐந்தரைக்குத்தான் வந்தது. அதுவரை ஆன்ட்டியும் நானும் மாறி மாறி மக்கில் ஊற்றினோம்.

மார்கழியில் அவள் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்யும்போது என் நோட்டை எடுத்து வந்து முன்னால் வைத்தாள்.

"ஓட்டம் குறைஞ்சா என்ன ஆகும்னு என்கிட்ட வேற ஆதாரம் இல்ல. வேணும்னு பண்ணிப் பார்க்க எனக்கு மனசு வந்திருக்காது. உன் நேரத்தையெல்லாம் அப்படியே ஒரு அட்டவணையா போடப் போறேன். எப்படி நடந்ததுன்னு எழுதணும். 'பராமரித்தவரின் தவறால்'னு போடட்டுமா?"

"போடு."

"கோபம் இல்லையே?"

"உனக்கு?"

"இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் தட்டச்சைத் தொடர்ந்தாள்.

இப்போதைய நிலை இது. ஆய்வேடு ஏற்கப்பட்டது, அந்த அட்டவணையும் அந்த வாக்கியமும் அதில் இருக்கின்றன. மீதியிருந்த இரண்டு மீன்களில் ஒன்று மாசியில் இறந்தது, இன்னொன்று சித்திரை வெயிலில். பஸ்ஸில் இறந்ததையும் சேர்த்து ஐந்தும் துறையின் அலமாரியில் ஒரே ஜாடியில் இருக்கின்றன. தொட்டி கீழே போய்விட்டது. ஆன்ட்டி மறுபடி பிளாஸ்டிக் பூ போட்டிருக்கிறார். தோழி வேறு ஊரில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறோம். நான் அதே கம்பெனியில், அதே பெஞ்சில் இருக்கிறேன். வால்வைக் குறைத்தால் பதிவேட்டில் எழுதுகிறேன். எழுதியதை, பக்கத்தில் நிற்பவரிடம் வாயாலும் சொல்லிவிடுகிறேன்.